தார், ஜிம்னி, கூர்க்கா வண்டிகளுக்குள் சூடும் சத்தமும் குறைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலைப்பாதைக்கும் ஆற்று மணலுக்கும் என்று வாங்கிய வண்டியில்தான் பலரும் தினமும் வேலைக்குப் போய்வருகிறார்கள். கத்திரி வெயிலில் கூரை கொதிக்கிறது, நான்குவழிச் சாலையில் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, பழைய எம்எம்540 வகை ஜீப்புகள் ஆகியவற்றை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கம்பெனியே இதைச் செய்து கொடுத்திருக்கலாமே?

கொஞ்சம் செய்துதான் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த வண்டிகளின் உடம்புவாகே அப்படி. முன்கண்ணாடி கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பதால் காற்று வழுக்கி மேலே போகாமல் முட்டி இரைகிறது. பக்கத் தகரமெல்லாம் தட்டையானது. வளைவு கொடுத்த தகரத்தைவிடத் தட்டைத் தகரம் எளிதாக அதிரும். நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நம் காலுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறது.

எடையும் ஒரு காரணம். ஐந்து கதவு ஜிம்னியே ஏறக்குறைய 1,200 கிலோதான். மணலில் அது புதையாமல் தப்பிப்பது அந்த லேசான உடம்பால்தான். 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த தாரில் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அடைப்பானைப் பிடுங்கி வடிய விடலாம். அப்படிப்பட்ட தரையில் சொகுசு காரில் போடுவது போலத் தடித்த கம்பளத்தை ஒட்டிக் கொடுக்க முடியாது. நாம் வேலை செய்யும்போதும் இதை மறக்கக்கூடாது: இது நனையப் போகிற வண்டி.

சூட்டுக்கும் சத்தத்துக்கும் ஒரே ஷீட் போதும் என்று கடையில் சொல்கிறார்களே?

போதாது. வெள்ளி நிறத்தில் பளபளக்கிற எல்லா ஷீட்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது. நான்கு வகைச் சரக்கு இருக்கிறது, நான்கும் வேறு வேறு வேலைக்கு.

முதலாவது டேம்பிங் ஷீட். பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 2 மி.மீ. கனம். இது சத்தத்தைத் தடுப்பதில்லை, தகரம் அதிர்வதை நிறுத்துகிறது. தகரம் வளையும்போது நடுவில் உள்ள ரப்பர் இழுபட்டு, அதிர்வு சிறிது வெப்பமாக மாறிப் போய்விடும். மேலே உள்ள அலுமினியம் ரப்பரை இறுக்கிப் பிடிப்பதற்காக. வெயிலைத் திருப்பி அனுப்புவதற்கு என்று சிலர் சொல்வார்கள், அதற்கல்ல. இதைச் சுவர் முழுக்க ஒட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு தட்டைப் பகுதியின் நடுவிலும் பரப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே பெரும்பகுதி பலன் வந்துவிடும். அதற்கு மேல் ஒட்டுவதெல்லாம் எடையும் செலவும்தான்.

இரண்டாவது, மூடிய அறைகள் கொண்ட ஃபோம். ஏசி குழாய்க்கும் டக்டுக்கும் சுற்றுகிற கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம்தான் இது. சூட்டைத் தடுப்பது இதுதான். தண்ணீரைக் குடிக்காது என்பது நம் வண்டிகளுக்குப் பெரிய வசதி. ஏசி சாமான் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கினால், கார் அலங்காரக் கடையில் அழகான பெட்டியில் போட்டு விற்பதைவிட மலிவாக இருக்கும். சரக்கு கிட்டத்தட்ட ஒன்றேதான்.

மூன்றாவது, கனமான வினைல் விரிப்பு. இதைக் கேட்டால் பல கடைகளில் விழிப்பார்கள். 3 மி.மீ. கனத்திலேயே சதுர மீட்டருக்கு 5 கிலோ வரும். காற்றில் வரும் சத்தத்தை, அதாவது இன்ஜின் இரைச்சலையும் டயர் உறுமலையும் தடுக்கக்கூடியது இப்படிப்பட்ட எடைதான். இதைத் தகரத்தோடு நேரடியாக ஒட்டக்கூடாது. நடுவில் ஃபோம் இருக்க வேண்டும், விளிம்புகள் இடைவெளியில்லாமல் சேர வேண்டும்.

நான்காவது, பளபளப்பான வெப்பம் திருப்பும் தாள். அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால் மட்டுமே வேலை செய்யும். இரண்டு பொருளுக்கு நடுவில் நசுங்கிக் கிடந்தால் அலுமினியம் சூட்டை அந்தப் பக்கம் கடத்திவிடுமே தவிர, திருப்பி அனுப்பாது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஷீட் வாங்குவதற்கு முன் ஓட்டை தேடுங்கள். ஒரு தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதியை எவ்வளவு கனமாக்கினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது என்பது ஒலியியல் கணக்கு. ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தரை முழுக்க விரித்துவிட்டு, ஸ்டியரிங் தண்டு இறங்குகிற இடத்தில் கிழிந்த ரப்பரை அப்படியே விட்டிருக்கிற வண்டிகள் நிறைய.

இரவில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, பானெட்டைத் திறந்து ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகரத் தடுப்பு) பக்கம் டார்ச் அடியுங்கள். உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ, அங்கெல்லாம் சூடும் சத்தமும் சேர்ந்தே வருகின்றன. வயர் போகும் குரோமெட் (துளையில் மாட்டும் ரப்பர் வளையம்), கிளட்ச் பக்கம், பிறகு பொருத்திய ஹார்ன், லைட் வயருக்காக எலக்ட்ரீஷியன் போட்ட துளை, இவைதான் வழக்கமான இடங்கள். குரோமெட் போட்டு அடைக்க ஆகிற செலவு ஒரு டீச் செலவுதான்.

கதவுக்கு, ஒரு தாள் துண்டை பீடிங்கில் (கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை) வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் படியவில்லை. புது பீடிங் போடுவதற்கு முன், கதவின் பூட்டுக் கொக்கியைச் சற்று உள்ளே தள்ளி வைத்தாலே சரியாகிவிடலாம்.

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி என்றால் இன்ஜின் மவுன்டிங் ரப்பரையும், உடலுக்கும் சேஸிக்கும் நடுவில் இருக்கும் பாடி புஷ்ஷையும் முதலில் பாருங்கள். அவை கல்லாகிப் போயிருந்தால் எந்த ஷீட்டும் உதவாது.

கூரைக்கு என்ன செய்வது?

சூடுதான் உங்கள் பிரச்சினை என்றால் மொத்தப் பணத்தையும் இங்கேதான் போட வேண்டும். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெப்பம் விழுகிறது. இரண்டு சதுர மீட்டர் கூரை என்றால், தலைக்கு மேல் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டு வைத்த கணக்கு. கறுப்புப் பெயின்ட் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது, வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. புது வண்டி வாங்கப் போகிறீர்கள், நிறம் இன்னும் முடிவாகவில்லை என்றால் இந்த ஒரு முடிவு இலவசம். ஏற்கெனவே வாங்கிய வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

கூரை எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள்; ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்புத் தகரம். ஜிம்னி, கூர்க்காவில் ஒட்டும். பழைய ஜீப்புகளில் பிறகு பொருத்திய ஃபைபர் கூரையில் ஒட்டாது. தகரக் கூரைக்கு நடுவில் கொஞ்சம் டேம்பிங் ஷீட், அதன் மேல் முழுக்க 10 மி.மீ. நைட்ரைல் ஃபோம். மழை விழும்போது வருகிற தகர டப்பாச் சத்தம் அதோடு போய்விடும். ஃபைபர், தகரத்தைப் போல் கணகணவென்று அதிராது, அதனால் டேம்பிங் ஷீட்டைத் தவிர்த்துவிட்டு நேராக ஃபோம் ஒட்டலாம்.

இன்னும் தடியாகப் போட்டால் இன்னும் குளிருமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், வெற்றுத் தகரம் வழியாக இறங்கும் வெப்பத்தை முதல் 10 மி.மீ. ஃபோம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைக்கிறது. அடுத்த 10 மி.மீ. அதை ஐந்தில் ஒன்றாக்கும். முதல் அடுக்கில் கிடைத்த அளவு இரண்டாவதில் கிடைக்காது, தலையிடிக்கும் இடமும் குறையும். ஒரே அடுக்கு போதும்.

பசை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மர வேலைக்கு உபயோகிக்கும் வெள்ளைப் பசை இங்கே சரிவராது. செயற்கை ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் மே மாதத்தில் ஃபோம் தொட்டில் மாதிரித் தலையில் தொங்கும். புது தாரில் ஸ்பீக்கர்கள் கூரையில் இருப்பதால் வயர் போகும் வழியையும் விட்டுவிட்டு ஒட்டுங்கள்.

தரைக்கு?

சத்தம்தான் பிரச்சினை என்றால் இது முதல் இடம். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், டயர் எல்லாமே கீழே இருக்கின்றன. டீசல் வண்டியில் சைலன்சர் குழாயின் சூடும் இங்கே ஏறுகிறது. கியர் லீவருக்குப் பக்கத்தில் இடது கால் சுடுகிறது என்பவர்களுக்குக் காரணம் இதுதான். லீவரைச் சுற்றியுள்ள ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அதை மாற்றிவிட்டுப் பிறகு மற்ற வேலை.

முறை இதுதான்: தகரத்தில் டேம்பிங் ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டுங்கள். அதன் மேல் 6 மி.மீ. ஃபோம், அதன் மேல் வினைல் விரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் மேட். டேம்பிங் ஷீட்டை மட்டும் தகரத்தில் ஒட்டுங்கள். ஃபோமும் விரிப்பும் ஒட்டாமல், அளவாக வெட்டி உட்காரவைக்கப்பட வேண்டும், தேவைப்பட்டால் வெல்க்ரோ. ஏன் என்றால், ஆற்றைக் கடந்து வந்த மறுநாள் அதைத் தூக்கி வெயிலில் போட வேண்டியிருக்கும். முழுக்க ஒட்டிவிட்டால் இடையில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லை. மேலே பார்க்கப் பளிச்சென்று இருக்கும், அடியில் தகரம் பொரிந்துகொண்டிருக்கும். கால் வைக்கும் இடம் மெத்தென்று ஆவதற்கு முன் துரு ஓட்டை போட்டுவிடும்.

வடிகால் அடைப்பான்களின் மேல் எதையும் போடாதீர்கள். வட்டமாக வெட்டி, சுற்றி இரண்டு விரல் இடம் விடுங்கள். ஏற்கெனவே துரு இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு எதிர்ப்பு பிரைமர் அடித்து, காய்ந்த பிறகே ஷீட். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது கட்டாயம்.

பெடல்களைக் கையால் கடைசிவரை அழுத்திப் பாருங்கள். தரை உயர்ந்ததால் கிளட்ச் முழுக்க இறங்காமலோ, மேட் நகர்ந்து ஆக்சிலரேட்டரில் மாட்டினாலோ ஆபத்து.

கதவுகளுக்கு?

வெளித்தகரத்தின் உள்பக்கம் கையளவு துண்டுகளாக டேம்பிங் ஷீட் ஒட்டினால் கதவு மூடும் சத்தமே மாறிவிடும். தொழில்நுட்பம் தெரியாத வீட்டார்கூடக் கண்டுபிடிக்கிற மாற்றம் இதுதான். கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகளை மூடாதீர்கள். உள்பக்கம் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துப் போடாமல் திரும்ப ஒட்டுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அது. டோர் பேட் கிளிப்புகள் கழற்றும்போது சில உடையும், முன்கூட்டியே ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பானெட்டின் உள்பக்கம் ஃபோம் ஒட்டலாமா?

அதற்கென்றே தயாரித்த, தீப்பிடிக்காத ரகமாக இருந்தால் மட்டும். பலன் பெரிதாக இருக்காது என்பது என் கருத்து. பானெட் வழியாக வரும் சத்தம் வெளியே நிற்பவருக்குத்தான் அதிகம் கேட்கும், உள்ளே இருப்பவருக்கு ஃபயர்வால்தான் முக்கியம். ஃபயர்வாலின் கேபின் பக்கம் கை எட்டுகிற வரை ஃபோமும் விரிப்பும் போடலாம். டேஷ்போர்டை முழுதாகக் கழற்றித்தான் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால், அந்த வேலையைத் தவிர்த்துவிடுங்கள். கழற்றி மாட்டிய பிறகு வருகிற கிரீச் சத்தம் பழைய சத்தத்தைவிட எரிச்சல்.

பிஎஸ்6 டீசல் வண்டிகளில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேறும். அதற்கும் சைலன்சர் குழாய்க்கும் அருகில் எந்த ஃபோமும் கூடாது. கம்பெனி பொருத்திய உலோக வெப்பக் கவசம் கழன்றிருந்தால் அதைத் திரும்பப் பொருத்துங்கள். அது கழன்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஜல்ஜல் என்று சத்தமும் வரும்.

பஞ்சு, ஃபெல்ட் வகை எதையும் பானெட்டுக்குள் வைக்காதீர்கள். எலிக்குக் கூடு கட்டிக் கொடுத்தது போலாகிவிடும், அடுத்து வயரைக் கடிக்கும்.

தெர்மோகோல், சணல் ஃபெல்ட், தார் (பிட்டுமின்) ஷீட் இவையெல்லாம் மலிவாகக் கிடைக்கின்றனவே?

தெர்மோகோல் வீட்டுக் கூரைக்குச் சரி. வண்டியில் உரசிக் கீச்சிடும், பெட்ரோல் பட்டால் கரையும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். சணலும் பருத்தி ஃபெல்ட்டும் சத்தத்தை நன்றாகவே உறிஞ்சும், ஆனால் தண்ணீரையும் உறிஞ்சும். காரில் போடலாம், ஆற்றில் இறங்கும் ஜீப்பில் வேண்டாம். மொட்டை மாடிக்கு ஒட்டுகிற தார் ஷீட் கோடையில் இளகி நாறும், செங்குத்தான இடத்தில் வழியவும் செய்யும். பியூட்டைலுக்குப் பதிலாக அதையே வெள்ளித் தாள் ஒட்டி விற்பதும் உண்டு. வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். தார் வாடை வந்தால் விட்டுவிடுங்கள்.

எதை வாங்கினாலும் ஒரு சிறு துண்டை வெட்டி, திறந்த வெளியில் இடுக்கியால் பிடித்து நெருப்பு காட்டுங்கள். நெருப்பை எடுத்தவுடன் தானே அணைந்தால் நல்லது. அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 302 விதிப்படி கார் உள்பக்கப் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மி.மீ.க்கு மேல் பரவக்கூடாது. பெட்டியில் அந்த விதியின் எண் இருந்தால் ஒரு நம்பிக்கை.

சாஃப்ட் டாப் வண்டிக்கு?

துணிக்கூரைக்கு அதிகம் செய்வதற்கில்லை. தரையும் ஃபயர்வாலும் செய்யுங்கள், துணி படபடக்காமல் வார்களை இறுக்குங்கள், நிறுத்துமிடத்தில் நிழல் தேடுங்கள்.

எம்டி (சேற்றுக்கான) டயர் போட்டிருக்கிறேன், உறுமல் போகுமா?

குறையும், போகாது. டயரின் பெரிய ரப்பர் கட்டைகள் சாலையில் அறைவதுதான் அந்தச் சத்தம். அது தரை வழியாக மட்டுமில்லாமல் கண்ணாடி வழியாகவும் வருகிறது. மாதம் ஒருமுறை மட்டுமே சேற்றில் இறங்குபவருக்கு ஏடி (எல்லாப் பாதைக்குமான) டயரே போதும். ஷீட்டுக்குச் செலவழிக்கிற காசில் பாதி மிச்சமாகும்.

கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டலாமா?

மோட்டார் வாகன விதி 100, முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்கிறது. 2012இல் உச்ச நீதிமன்றம், எந்த அளவு ஒளியை விட்டாலும் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. பிறகு விதி திருத்தப்பட்டது. அதை வைத்து 2024இல் கேரள உயர் நீதிமன்றம், அந்த அளவுக்குள் இருக்கும் ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைச் செல்போனில் வைத்துக்கொண்டு இங்கே சோதனைச் சாவடியில் வாதாட உங்களுக்குப் பொறுமை இருக்கிறதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நிறுத்தியிருக்கும்போது முன்கண்ணாடிக்கு மடக்கும் வெள்ளித் திரை போடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. டேஷ்போர்டு கொதிப்பது பெருமளவு குறையும்.

நானே செய்ய முடியுமா?

தரையும் கதவும் தாராளமாகச் செய்யலாம். நல்ல கையுறை, பேப்பர் கட்டர் கத்தி, சிறு இரும்பு ரோலர், டிரிம் கழற்றும் பிளாஸ்டிக் பட்டைகள், ஒட்டும் இடத்தைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் இருந்தால் போதும். அலுமினியத் தாளின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், கையுறையைக் கழற்றாதீர்கள். ஷீட்டின் மேல் அச்சிட்ட மேடுகள் தட்டையாகும் வரை ரோலரை அழுத்தி உருட்டுங்கள். உள்ளே காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் டேம்பிங் இல்லை என்று அர்த்தம்.

சீட்டைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் நிற உறையோ கனெக்டரோ இருந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் இழுப்பானுடையது. அதை நோண்ட வேண்டாம். பக்கவாட்டில் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில், அதாவது தார் ராக்ஸ், ஜிம்னி போன்றவற்றில், கூரையின் ஓரத்தில் தடித்த ஃபோம் திணித்தால் அது விரிய வேண்டிய நேரத்தில் தடுமாறும். அந்த ஓரங்களை வெறுமையாக விடுங்கள்.

மொத்தம் எவ்வளவு எடை கூடும்?

சொன்ன அளவோடு நிறுத்தினால் 25 முதல் 40 கிலோ வரை, அதில் பெரும்பகுதி தரை விரிப்பு. ஒரு பள்ளிப் பையனை எப்போதும் கூட ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம்.

குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செல்போன் டெசிபல் செயலி போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். அதே சாலை, அதே கியர், அதே வேகம், அதே டயர் காற்று. ஏசி ஊதலை அணைத்துவிடுங்கள். காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் குறைய வேண்டும். 3, 4 டெசிபல் குறைந்தாலே நல்ல வேலை. எண்ணில் பெரிதாகத் தெரியாவிட்டாலும், அடித்தொண்டையில் ஒலிக்கும் அந்த ரீங்காரம் போனதை நீண்ட பயணத்தில் உணர்வீர்கள்.

சூட்டை அளக்கத் துப்பாக்கி வடிவ வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் அலுமினியத் தாளின் மேல் குறிவைத்தால் அது தவறான, மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். பளபளப்பான உலோகம் தன் சூட்டை மிகக் குறைவாகவே வெளியே வீசும் என்பதால். கடைக்காரர் சுட்டுக் காட்டுகிற “பாருங்க சார், எவ்வளவு குளுமை” வித்தை இதுதான். தாளின் மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, சூடேற விட்டு, டேப்பின் மேல் அளந்து காட்டச் சொல்லுங்கள்.